மேனாம்பேட்டுக்குக் குடிவந்த கடல்

காணும் பொங்கலுக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை விடியற்காலையில், அம்பத்தூர் ஏரிப் பக்கம் இருக்கிற மேனாம்பேட்டில் நாகவல்லி வீட்டு வாசலுக்குக் கடல் குடிவந்தது. முழுக்கடல் அல்ல, யாரும் பெரிதுபடுத்த வேண்டாம். சென்னை நகரத்துக்கு வடக்கே, கருங்கல் குவியலுக்கும் உடைந்த படகுத்துறைக்கும் நடுவில் கிடந்த ஒரு துண்டு மணலும், அந்த மணலுக்கு எதிரே இருந்த தண்ணீரும் மட்டும். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த நாகவல்லியின் புருஷன் லோகநாதன், பாக்கெட் மணலில் பாதி புதைந்திருப்பதைப் பார்த்தார். தட்டி எடுத்தார். நிமிர்ந்து பார்த்தால் அலை. எதிர்வரிசை வீடுகள் ஒன்றும் இடியவில்லை. பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவது போலக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான். எதிர்வீட்டு ஹேமாவதி அன்றைக்குத் தண்ணீருக்கு அந்தப் பக்கத்தில் கோலம் போட்டாள், பிறகு நாகவல்லிக்குப் போன் செய்து, "அக்கா, ஒங்க வாசல்ல கடல் கீது, பாத்தியா?" என்று கேட்டாள். தெருவில் அன்று அதிகம் பேசப்பட்டது தக்காளி விலை. கடல் அதற்கு அடுத்துத்தான்.

கடலுக்கு மேனாம்பேட்டில் என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். நாகவல்லி கூப்பிட்டாள், வந்தது. ஏன் கூப்பிட்டாள் என்றால், வயிறெரிந்து கூப்பிட்டாள். அந்த எரிச்சல் புரிய வேண்டுமானால் அவள் மகன் வெற்றிச்செல்வனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

வெற்றி, அம்பத்தூர் ஏரியில் நீச்சல் பழகியவன். அவன் தாத்தா ஏரிக்குக் கீழே இருந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர், அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், அம்மாவுக்குத் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் பேக்கிங் வேலை. மூன்று தலைமுறையும் ஏரித் தண்ணீர் குடித்தவர்கள். ஏரிக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி ஒரு கணக்கு உண்டு: கலங்கிக் குதிக்கிற இடத்தில் இறங்காதே, அமைதியாகக் கிடக்கிற இடத்தில் இறங்கு. ஏரிக்கு அது சரி. கடலுக்கு அது எமன். கடலில் இரண்டு பக்கமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் ஒரு பட்டை சத்தமில்லாமல் கிடந்தால், கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே திரும்பிப் போகிறது என்று அர்த்தம். மீன் விற்கிற பெண்கள் அதை இழுப்பு என்பார்கள். கொரோனா முடிந்து கடற்கரையைத் திறந்துவிட்ட வருஷம், காணும் பொங்கலன்று, பத்தொன்பது வயது வெற்றி தன் கூட்டாளிகளோடு அந்தக் கல்குவியல் பக்கம் போனான். அவனுக்கு அலை என்றால் கொஞ்சம் பயம். அதனால் தேடித் தேடி அந்த அமைதியான பட்டையைக் கண்டுபிடித்தான். "மச்சான், இங்க வாங்கடா, ஏரி மாரி கீது" என்று கூப்பிட்டான். அவன் ஜாக்கிரதையான பையன். ஜாக்கிரதைதான் அவனைக் கொண்டுபோயிற்று. உடம்பு கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் பேனாவே சூடாகிறது. கல்குவியலுக்கு வடக்கே ஒரு அலுவலகத்தின் எல்லை முடிகிறது. படகுத்துறைக்குத் தெற்கே இன்னொரு அலுவலகத்தின் எல்லை தொடங்குகிறது. நடுவில் இருக்கிற மணல் எங்களுடையது இல்லை என்றார்கள் வடக்கே. எங்களுடையதும் இல்லை என்றார்கள் தெற்கே. மகன் செத்துப்போனான் என்று எழுதிக்கொடுங்கள் என்று நாகவல்லி கேட்டதற்கு, எந்த இடத்தில் என்று கேட்டார்கள். அவள் இடத்தைச் சொன்னாள். அப்படி ஓர் இடமே இல்லை என்றார்கள். கடைசியில் 'காணவில்லை' என்று ஒரு சொல்லை எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சோறு ஆக்கிப் படைத்த வீட்டில், காணவில்லை என்ற காகிதத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண்பிள்ளை என்ன செய்வாள்?

அவள் செய்தது இதுதான். ஆவடியில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்த சுரேகா என்ற பெண், ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரை பார்த்து வர ஆள் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டு, நாகவல்லி அவளோடு போய்ச் சேர்ந்தாள். சம்பளம் கிடையாது, டீ கூடக் கைக்காசு. ஞாயிறு காலை அம்பத்தூரில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் மாறி, அந்தக் கல்குவியலிலிருந்து படகுத்துறை வரைக்கும் நடப்பார்கள். மணல் எவ்வளவு கரைந்திருக்கிறது, நுரை என்ன நிறம், தார் உருண்டை ஒதுங்கியிருக்கிறதா, ஆமை செத்துக் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். முக்கியமாக இழுப்பு இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள், ஏனென்றால் அது இடம் மாறும். அதற்கு நாகவல்லி கண்டுபிடித்த வழி எலுமிச்சம்பழம். பழம் மிதக்கும். கரையோரம் அடிக்கு ஒன்றாக வீசினால், மற்றதெல்லாம் அலையோடு திரும்பி வரும், இழுப்பில் விழுந்தது மட்டும் நேராக உள்ளே போகும். போகிற பழத்தை அவள் கண்ணால் தொடர்ந்துகொண்டே நிற்பாள், அது மறைந்த பிறகும் நிற்பாள். பார்த்தவர்கள் மந்திரவாதிக் கூட்டம் என்று நினைத்துக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். ஒரு விதத்தில் நல்லதுதான். இழுப்புப் பக்கம் யாரும் வரவில்லை.

அவர்கள் கேட்டது ஒரே ஒரு பலகை. 'இங்கே இறங்காதீர்கள்' என்று எழுதிய ஒரு சிவப்புப் பலகை, காணும் பொங்கலன்று மட்டும் விசிலோடு ஓர் ஆள். ஒவ்வொரு வாரமும் பார்த்ததை எழுதி இரண்டு அலுவலகத்துக்கும் அனுப்பினாள் சுரேகா. பொதுமக்கள் பார்த்ததைப் பார்த்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது. சரி, நீங்கள் வந்து பாருங்கள் என்றால், இல்லாத இடத்துக்கு வண்டி போடுவதற்கு உத்தரவு இல்லை என்றார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு, போன காணும் பொங்கலுக்கு முதல் நாள், மூங்கில் கழியில் சிவப்புப் புடவையைக் கிழித்துக் கட்டி இவர்களே நட்டார்கள். மறுநாள் காலை எவனோ ஓர் அலுவலகச் சிப்பந்தி வந்து, அனுமதி இல்லாத கொடி என்று பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனான். பாருங்கள், அந்த இடம் பலகை நடுவதற்கு இல்லை, பிடுங்குவதற்கு மட்டும் இருந்தது! அன்று பிற்பகல் பூந்தமல்லி மனோகரனின் மகள் சுவேதா அந்தப் பட்டையில் இறங்கினாள். சுரேகா விசிலடித்துக்கொண்டே ஓடினாள். "நீ யாரும்மா விசிலடிக்க?" என்று ஒருவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். சுவேதாவின் உடம்பு மறுநாள் படகுத்துறைக்குத் தெற்கே ஒதுங்கியது. அது தெற்கு அலுவலகத்தின் எல்லை. அதனால் அவள் சாவை மட்டும் ஒழுங்காக எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். மனோகரன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரும் இவர்களோடு எலுமிச்சம்பழம் வீச வந்தார்.

இந்த வருஷம் காணும் பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போது நாகவல்லி வடக்கு அலுவலகத்துக்கு மறுபடி போனாள். அதிகாரி நல்ல மனநிலையில் இருந்தார். சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினார்.

"அம்மா, நீங்க சொல்ற எடம் மேப்புலயே இல்ல. இல்லாத எடத்துக்கு எப்பிடி போர்டு வெக்கிறது? இல்லாத எடத்துல எப்பிடிம்மா ஒருத்தர் சாவ முடியும்?"

"அப்போ எம்புள்ள எங்க கீறான்? சொல்லு சார், எங்க கீறான்?"

"காணவில்லைன்னு போட்டுருக்கோமே. வந்தா சொல்லுங்க."

அவள் வெளியே வந்துவிட்டாள். அங்கே பேசியிருந்தால் ஏதாவது மேசை உடைந்திருக்கும். நேராகப் பஸ் பிடித்து அந்த மணலுக்குப் போனாள். வேலை நாள், ஈ காக்கை இல்லை. இழுப்புக்கு நேராக நின்று, மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டாள். "நாதியத்த கயிதே! ஒனக்குன்னு ஒரு ஆபீஸு இல்ல, ஒன்ன ஏன்டான்னு கேக்க ஒரு நாயி இல்ல. இங்க இன்னாத்துக்குக் கெடக்குற? எயிந்து வா! எங்க ஊட்டுக்கு வா. எங்க வாசல்ல வந்து கெட. அப்பவாவது எவன் கண்ணுக்காவது தெரியிறியான்னு பாக்குறேன்!" கோபத்தில் கூப்பிட்டாலும் கூப்பிட்டது கூப்பிட்டதுதான். அத்தனை வருஷத்தில் அந்தத் துண்டுக் கடலை யாரும் வா என்று சொன்னதில்லை. வியாழக்கிழமை வந்துவிட்டது. அது கிளம்பிய இடத்தில் வடக்குக் கரையும் தெற்குக் கரையும் நெருங்கி ஒட்டிக்கொண்டன என்றும், படகுத்துறையும் கல்குவியலும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்றும் போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கடலோடு எலுமிச்சம்பழங்களும் வந்தன. ஒவ்வொரு ஞாயிறும் இழுப்பில் போன பழமெல்லாம், ஒன்றுகூட அழுகாமல், மஞ்சள் மாறாமல், நாகவல்லி வாசற்படியில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருப்பெண்கள் கூடையில் அள்ளிப்போய் ஊறுகாய் போட்டார்கள். உப்பு சேர்க்க வேண்டியிருக்கவில்லை. மற்றபடி தெருவுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. செருப்புக்குள் நண்டு போனது, பைக் எல்லாம் துருப்பிடித்தது, துணி விறைப்பாகக் காய்ந்தது. போர்வெல் தண்ணீர் உப்பாகிவிடும் என்று யாரோ பயந்தார்கள். அது உப்பாகி வருஷக்கணக்கு ஆயிற்று, அதைக் கேட்கத்தான் எவனும் வரவில்லை என்று லோகநாதன் சொன்னார். வெள்ளிக்கிழமையே சுண்டல் வண்டி வந்துவிட்டது. சனிக்கிழமை பலூன் சுடுகிற துப்பாக்கிக்காரன். ஒரு புரோக்கர் 'கடல் பார்த்த மனை' என்று மின்கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டினான்.

அதிகாரிகள், கடல் வந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கே ஜீப் ஜீப்பாக வந்து இறங்கினார்கள். இது தார் ரோடு, இது எந்த வார்டு என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும், இது தன் எல்லை இல்லை என்று எவனும் சொல்ல முடியாது. முதல் வேலையாக, பொதுத்தெருவில் அனுமதியின்றிக் கடல் வைத்திருப்பதற்கு விளக்கம் கேட்டு நாகவல்லிக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். இரண்டாவது வேலையாகப் பலகை நட்டார்கள். ஆள் உயரச் சிவப்புப் பலகை, 'ஆபத்து, இங்கே இறங்காதீர்கள்', கீழே மண்டை ஓடு படம். கயிறு கட்டினார்கள், மிதவை போட்டார்கள், விசிலோடு இரண்டு ஆட்களை நிறுத்தினார்கள். குழி தோண்டிய தொழிலாளியிடம் நாகவல்லி போய் நின்றாள்.

"அண்ணாத்தே, இத்த நட எவ்ளோ நேரம் ஆச்சு?"

"இன்னாம்மா, பெரிய வேலயா இது? ஒரு அர மணி நேரம்."

அரை மணி நேரம். அவள் மணலில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். மகன் போன அன்றுகூட அவள் அப்படி அடித்துக்கொள்ளவில்லை. மனோகரன் பலகைக்கு எதிரே நின்று எழுத்துக்கூட்டிப் படிப்பவரைப் போல அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். சுரேகா ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடி, எல்லோரையும் நிற்கவைத்துத் திட்டினாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு ஏறிப் போனார்கள்.

காணும் பொங்கலன்று கூட்டம் அலைமோதியது. ஆவடி, பூந்தமல்லி, வேப்பம்பட்டு, எங்கிருந்தெல்லாமோ குடும்பம் குடும்பமாகப் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தார்கள். மெரினாவுக்குப் போகிற அலைச்சல் மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்கள். எல்லாம் ஏரிக்கரைக்காரர்கள், அதை மறந்துவிடக் கூடாது. இழுப்பு அன்று நாகவல்லி வாசலுக்கு நேர் எதிரே, கயிற்றுக்கு ஒரு முழம் தள்ளி, கண்ணாடி போட்டது போலக் கிடந்தது. விசில் ஆட்கள் இருவரையும் காலையிலேயே யாரோ ஒரு பெரிய மனிதருக்குப் பாதுகாப்பு என்று கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அதைக் கேட்டதும் லோகநாதன் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்திப் பார்த்தார், சுரேகாவும் மனோகரனும் ஆளுக்கொரு பக்கம் நின்று கத்திப் பார்த்தார்கள். எத்தனை பேரைத்தான் பிடித்து நிறுத்துவது? அயப்பாக்கத்திலிருந்து வந்த தினேஷ் என்ற பையன் பலகையில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டான், சட்டையைக் கழற்றி அதன் மேலேயே மாட்டினான், இறங்கினான்.

"மச்சான், இங்க வாங்கடா. ஏரி மாரி கீது."

நாகவல்லி அந்தக் குரலுக்குத்தான் ஓடினாள். வேறு பையன், வேறு குரல், ஆனால் அதே வார்த்தை. அவள் கணுக்கால் தண்ணீரில் நிற்கும்போது அவன் தலை எலுமிச்சம்பழ அளவுக்குப் போய்விட்டது. அவள் அழவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. வாடகை தராத குடித்தனக்காரரிடம் வீட்டுக்காரி பேசுவது போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏய்! நில்லு! வாசல்ல எடம் குடுத்தேன்ல? எங்க வாசல்ல குந்திகினு எங்க ஊரு புள்ளயவே இழுக்கிறியா? எம்புள்ளய வெச்சுகினு எலுமிச்சங்காவத் திருப்பிக் குடுக்கிற, வெக்கமா இல்ல ஒனக்கு? ஊறுகா போட்டுத் துன்னவா நான் மூணு வருசமா வந்தேன்? இல்லாத எடத்துல எவனும் சாவலன்னு ஆபீஸரே சொல்ட்டான். அப்போ இன்னாத்துக்கு வெச்சுகினு கீற? எடுத்ததக் கொண்டாந்து எடுத்த எடத்துல வை!"

இழுப்பு நின்றது. பிறகு திரும்பியது. பலூன் துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது, அந்தக் கடைக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தினேஷ் உட்கார்ந்த வாக்கில் கரைக்கு வந்து சேர்ந்தான், மூக்கில் தண்ணீர் ஏறியதைத் தவிர ஒன்றுமில்லை. அவனுக்குப் பின்னால், முட்டியளவு தண்ணீரில், முகத்தை வழித்துக்கொண்டு வெற்றி நடந்து வந்தான். அதே நீல அரைக்கால் சட்டை, அதே பத்தொன்பது வயது. "இன்னாம்மா, நீ எப்ப வந்த பீச்சுக்கு?" என்றான். நாகவல்லி அவனைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அதற்கப்புறம்தான் கட்டிப்பிடித்தாள். லோகநாதன் ஆட்டோவை விட்டு இறங்க முடியாமல் உள்ளேயே உட்கார்ந்து சத்தமாக அழுதார்.

வடக்கு அலுவலகத்தில் ஒரு சிக்கலும் வரவில்லை. வந்தால் சொல்லச் சொன்னீர்களே, வந்துவிட்டான் என்று நாகவல்லி மகனைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார், காணவில்லை என்பதை அடித்தார், அவ்வளவுதான். சாகாதவன் வந்து நிற்பதில் சட்டப்படி என்ன பிழை? அவன் கூட்டாளிகள் மூன்று வயது கூடி, ஒருவனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டிருந்தது, அதில் வெற்றிக்குக் கொஞ்சம் வருத்தம். எந்தச் சாப்பாட்டிலும் உப்பு போதவில்லை என்பான். வேறு குறை இல்லை.

ஆனால் சுவேதா வரவில்லை. மனோகரன் அன்று இருட்டும் வரைக்கும் தண்ணீரோரம் நின்றார். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, "எம்பொண்ணு... பச்ச சுடிதாரு" என்று கடலிடம் மெதுவாகச் சொன்னார். அந்தக் குரல் பலகை வரைக்கும்கூட எட்டவில்லை. மறுநாள் காலை நாகவல்லி அவருக்காகத் திட்டினாள். கடல் தலை குனிந்து எதிர்வரிசைச் சுவர் வரைக்கும் பின்வாங்கியது, ஒரு பச்சைத் துப்பட்டாவைக் கொண்டுவந்து படியில் வைத்தது, அதற்கு மேல் அதனால் ஒன்றும் முடியவில்லை. ஏன் என்று சுரேகாதான் கண்டுபிடித்தாள். வெற்றியைக் காணவில்லை என்று எழுதியிருக்கிறது. சுவேதாவைச் செத்துப்போனாள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தியிருக்கிறது. ஒழுங்காகச் செய்த ஒரே வேலை, அதுவும் இப்படி!

மூன்று பேரும் தெற்கு அலுவலகத்துக்குப் போய் அந்தச் சான்றிதழை ரத்துச் செய்யக் கேட்டார்கள். எழுதியது எழுதியதுதான், அதை எடுப்பதற்கு வழிமுறை கிடையாது என்றார் அங்கிருந்தவர். மனோகரன் கையைக் கூப்பினார். நாகவல்லி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"சரி சார். திங்கக்கெழம மறுக்கா வர்றோம். நாங்க மட்டும் வர மாட்டோம்."

அந்த வாரமே கடலை அவள் பழக்க ஆரம்பித்தாள். முதலில் தெருமுனை வரைக்கும், பிறகு ரேஷன் கடை வரைக்கும், பிறகு பஸ் ஸ்டாப் வரைக்கும். அவள் நடந்தால் அது பின்னால் நடந்தது, அவள் நின்று திரும்பி முறைத்தால் நின்றது. வழியில் யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை. திங்கட்கிழமை காலை நாகவல்லி, மனோகரன், சுரேகா, வெற்றி நான்கு பேரும் லோகநாதன் ஆட்டோவில் கிளம்பினார்கள். கடல் ரோட்டோரமாகவே, சிக்னலில் நின்று நின்று, பின்னால் போனது. தெற்கு அலுவலகத்தில் அன்று எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். கோப்புகளையெல்லாம் மேல் அடுக்குக்கு ஏற்றிவிட்டு, சுவேதா பெயர் போட்ட ஒன்றை மட்டும் மேசைமேல் பிரித்து வைத்து, பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.